பதினொண்ணே கால் மணி கடி

எங்க வீட்டு டேகேர்ல கடி விழுறது பெரும்பாலும் காலைல பதினொண்ணே கால்ல இருந்து பன்னெண்டுக்குள்ள தான். வந்த ஒடனே யாரும் யாரையும் கடிக்கிறதில்ல, சாயங்காலம் கடி விழுறது அதவிட அபூர்வம். அந்த நேரத்துல தான் பசி லேசா கிள்ள ஆரம்பிச்சிருக்கும், தூக்கம் கண்ண சொருகும், மதுர வெயில் மொட்டமாடி வழியா ஹாலுக்குள்ள எறங்கியிருக்கும், நான் அடுப்படில பருப்பு சாதத்த மசிச்சிட்டு இருப்பேன், அப்பத்தா (எங்க மாமியார், வர்ற புள்ளைங்க அம்புட்டு பேருக்கும் அவங்க அப்பத்தா தான்) யாருக்காவது கால் கழுவி விட போயிருப்பாங்க, இங்க பொசுக்குனு ஒரு அலறல். ஓடி வந்து பாத்தா ஒருத்தி கையில பல்லு பதிஞ்சிருக்கும், கடிச்சவன் நம்மள விட பயந்து போயி நிப்பான்.

இந்த வயசு புள்ளைங்கள, அதாவது ஒன்றரைல இருந்து மூணு வயசு வரைக்கும், எப்படி திருத்துறதுன்னு நெறைய அம்மாக்கள் என்கிட்ட கேக்குறாங்க. எனக்கு தெரிஞ்ச பதில் ஒண்ணு தான், புள்ளய என்ன பண்றதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி அந்த முக்கா மணி நேரத்த என்ன பண்றதுன்னு யோசிங்க. நாங்க சோத்து நேரத்த பதினொண்ணுக்கு இழுத்தோம், பத்தே முக்காலுக்கே ரெண்டு ரெண்டு பேரா கை கால் கழுவ கூட்டிட்டு போறோம், மிச்சம் பேருக்கு கோதுமை மாவு பெசஞ்சு ஆளுக்கு ஒரு உருண்டை குடுத்து தள்ளி தள்ளி உக்கார வச்சிருவோம். கடி நின்னு போச்சான்னா நிக்கல, ஆனா பாதிக்கு மேல கொறஞ்சிருச்சு. யாரையும் வையல, யாரையும் மூலைல நிக்க வைக்கல, அடுப்ப முன்னாடி பத்த வச்சோம், அவ்ளோ தான்.

கேட்ட தாண்டி புள்ளய விடும்போதே சில பேரு "சேட்ட பண்ணுனா ரெண்டு போடுங்கக்கா, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்"னு பெருந்தன்மையா சொல்லிட்டு போவாங்க. பாசத்துல தான் சொல்றாங்க, தெரியும். ஆனா 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம் பதினேழாவது பிரிவுல பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள அடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு, ஏன் அடி வாங்குறோம்னு வெளங்குற பத்து வயசு பையனையே அடிக்கக் கூடாதுன்னா, ஒண்ணும் வெளங்காத ரெண்டு வயச அடிச்சு என்ன ஆகப்போகுது. இந்த வயசுல "வேணும்"னு தோணுறதுக்கும் கை நீளுறதுக்கும் நடுவுல இடைவெளியே கெடையாதுங்க. அந்த இடைவெளிய உண்டாக்குற மூளப்பகுதி நெத்திக்கு பின்னாடி இருக்கு, அது முழுசா முதிர இருபது வயசுக்கு மேல ஆகும். என் வீட்டுக்காரருக்கு இன்னும் முதிரலன்னு அப்பத்தாவே சொல்லுவாங்க.

கடிக்கு வருவோம். ஒரே காரணத்துக்கு எல்லாரும் கடிக்கிறதில்ல. ரெண்டு வயச ஒட்டி பின்னாடி கடவாப்பல்லு மொளைக்கும், அப்ப ஈறு நமநமன்னு இருக்கும், அதுக்கு எதையாவது கடிக்கணும், அது பக்கத்துல இருக்கவன் தோளா இருந்தாலும் சரி. அந்த மாதிரி புள்ளைக்கு சின்ன துணிய நனைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சு குடுத்துருவேன், உக்காந்து சப்பிட்டு இருக்கும். இன்னொரு வகை, வார்த்தை பத்தாம கடிக்கிறது. "என்னோடது", "தள்ளிப்போ", "வேணாம்" இந்த மூணும் வாயில வந்துட்டா பல்லுக்கு வேல கொறஞ்சிரும், அதனால இந்த மூணையும் கையால சைகையோட சேத்து பழக்குவோம், வாய் வராத புள்ளையும் உள்ளங்கைய நீட்டி தடுக்க கத்துக்கும். மூணாவது ஒண்ணு இருக்கு, பாசக்கடி, கட்டிப்புடிச்சு கன்னத்த கடிக்கிறது, அத யாரு சொல்லி குடுத்தாங்கன்னு பாத்தா வீட்ல தாத்தா பாட்டி எல்லாம் "கடிச்சு தின்னுருவேன்டா செல்லம்"னு கொஞ்சி வச்சிருப்பாங்க.

கடி விழுந்துட்டா நான் மொதல்ல போறது கடி வாங்குன புள்ளகிட்ட தான். கடிச்சவன்கிட்ட மொத போயி லெக்சர் எடுத்தா கடிச்சா எல்லாரும் நம்மளயே பாப்பாங்கன்னு தான் அவன் தெரிஞ்சுக்குவான். எடத்த சோப்பு போட்டு கழுவி ஈரத்துணி வச்சிட்டு, தோல் கிழிஞ்சிருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்ட சொல்லிருவோம். அப்புறம் இவன்கிட்ட குனிஞ்சு ரெண்டே வாக்கியம், "கடிச்சா வலிக்கும். கடிக்க விட மாட்டேன்." கத்தவும் மாட்டேன், கொஞ்சவும் மாட்டேன். நம்ம பக்கத்து வைத்தியம் ஒண்ணு இருக்கு, திருப்பி கடிச்சு காட்டுனா புத்தி வந்துரும்னு, அத மட்டும் பண்ணாதீங்க, பெரியவங்களும் கடிக்கிறாங்க போலன்னு தான் அது நெனைக்கும். கடிச்ச புள்ள பேர இன்னொரு வீட்ல சொல்ல மாட்டேங்குறது என்னோட ரூல், ஆனா மறுநாள் காலைல பால் வாங்க போற எடத்துல ரெண்டு வீட்டு பாட்டியும் பேசிக்குவாங்க, நான் என்ன செய்ய.

அடுத்து பொம்மைக்கு நடக்குற மல்லுக்கட்டு. "ஷேர் பண்ணு தங்கம், நல்ல புள்ளல்ல"னு சொல்லி ஒரு புள்ள கையில இருக்குறத புடுங்கி இன்னொண்ணுக்கு குடுக்குறத நான் எத்தன வீட்ல பாத்துட்டேன். புடுங்குனது பெரியவங்கன்னா அது ஷேரிங், சின்னவன் புடுங்குனா சேட்டை, என்னங்க நியாயம் இது. 1932லயே மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு அமெரிக்க அம்மா சின்ன புள்ளைங்க விளையாடுறத உக்காந்து பாத்து எழுதி வச்சிருக்காங்க, சின்ன வயசு புள்ளைங்க ஒண்ணா சேந்து விளையாடுறத விட பக்கத்து பக்கத்துல உக்காந்து அவங்கவங்க விளையாட்ட அவங்கவங்க விளையாடுறது தான் அதிகம்னு. எங்க ஹால்ல வந்து அர மணி நேரம் உக்காந்தா நீங்களே அத எழுதிருவீங்க. ரெண்டு பேரு முதுக முதுகோட ஒட்டி உக்காந்து ஆளுக்கு ஒரு சொப்புல சோறு பொங்குவாங்க, ஒருத்தர ஒருத்தர் பாக்கக்கூட மாட்டாங்க, ஆனா ஒருத்தி எந்திரிச்சு போனா இன்னொருத்தி அழுவா.

அதனால எங்க வீட்ல பத்து விதமான பொம்மை கெடையாது, ஒரே மாதிரி பொருள் நாலு அஞ்சு இருக்கும். ஒரே மாதிரி டம்ளர், ஒரே மாதிரி கரண்டி, ஒரே கலர் பந்து. கலர் மாறுனா செத்தோம், எல்லாருக்கும் அந்த ஒரு செவப்பு தான் வேணும். மரச்சொப்பு வாங்கும்போது கூட, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதுத்தாப்ல புதுமண்டபத்துல இருந்த கடைகள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துனாங்கள்ல, அங்கன போயி ஒரே மாதிரி செட்டா நாலு வாங்கிட்டு வந்தேன், கடைக்காரர் கொலுவுக்கான்னு கேட்டாரு. பொம்மைய வைக்கிற அலமாரி அவங்க இடுப்பு ஒசரம் தான் இருக்கணும். மாண்டிசோரி அம்மையார் 1939ல அடையாறுக்கு வந்து டீச்சர்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தாங்க, அவங்க வழில வந்த பள்ளிக்கூடம் எல்லாத்துலயும் இந்த குட்டி அலமாரிய பாக்கலாம், ஃபீஸ் மட்டும் பெரிய அலமாரில இருக்கும். நாங்க செங்கல்லு ரெண்டு வச்சு மேல பலகைய போட்டோம், அதுவே போதும். எட்டாத எடத்துல பொம்மை இருந்தா அது அழுது கேக்கும், எட்டுற எடத்துல இருந்தா அதுவே போயி எடுக்கும், எடுத்த எடத்துலயே வைக்கவும் செய்யும். எப்பவும் இல்ல, சில நேரம்.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச கதை. பொங்கல் லீவு முடிஞ்சு வர்ற வாரம் எங்க தொழில்ல பெரிய பாடு. பொங்கலன்னைக்கு அவனியாபுரம், மாட்டுப்பொங்கலுக்கு பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர்னு மூணு நாளும் விடிஞ்சதுல இருந்து டிவில ஜல்லிக்கட்டு லைவ் ஓடும், புள்ளைங்க தாத்தா மடில உக்காந்து அத்தனையும் பாத்துருக்கும். ரெண்டரை வயசு பையன் ஒருத்தன், அம்மா வீடு பாலமேடு பக்கம், நேர்லயே மாடு பாத்துட்டு வந்துட்டான். வந்த அன்னைக்கு தலைய குனிஞ்சுக்கிட்டு ஹால் முழுக்க முட்ட ஆரம்பிச்சான். வயித்துல முட்டுறான், நடைவண்டி தள்ளிட்டு போற குட்டிய பின்னால இருந்து முட்டுறான், அப்பத்தா சொம்போட வந்தா அவங்களையும் முட்டுறான். "முட்டாத சாமி"ன்னு அப்பத்தா சொல்லி பாத்தாங்க. அவன் மாடு, மாடு எப்பிடி பேச்ச கேக்கும்?

சரின்னு ரெண்டு சேர இழுத்து போட்டு நடுவுல போர்வைய தொங்க விட்டு இதான் வாடிவாசல்னு சொல்லிட்டேன். எதுத்த செவத்துல பழைய இலவம்பஞ்சு மெத்தைய சாச்சு வச்சேன். மாடு வாடிவாசல் வழியா தான் வரணும், மெத்தைய தான் முட்டணும், முட்டிட்டு சுத்தி வந்து திரும்ப வரிசைல நிக்கணும். மிச்ச புள்ளைங்க சோபா மேல, அது கேலரி. அப்பத்தா தான் கமெண்ட்ரி, அவங்களுக்கு சொல்லியே குடுக்க வேணாம், "வருது பாரு வருது பாரு மாடு, புடிச்சவனுக்கு அண்டா, புடிக்காட்டி மாட்டுக்காரருக்கு கட்டுலு"ன்னு சொம்புல வாய வச்சு மைக்கு மாதிரி பேசுனாங்க. பத்து நிமிஷத்துல எல்லாருமே மாடாயிட்டாங்க, பொம்பள புள்ளைங்க தான் பலமான மாடு. ஆளுங்கள முட்டுறது அன்னைக்கே கிட்டத்தட்ட நின்னுருச்சு. இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, மத்த நேரம் கொழாய்கிட்ட கை கழுவ அர நிமிஷம் நிக்க மாட்டாங்க, வாடிவாசலுக்கு பின்னாடி மட்டும் கால ஒதச்சுக்கிட்டு, மூக்குல புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டுக்கிட்டு அழகா காத்து நின்னாங்க, ஏன்னா காத்து நிக்கிறதும் மாட்டோட வேலை தானே. வரிசைல நில்லுன்னு நம்ம சொன்னா அது கட்டளை, விளையாட்டே வரிசைய கேட்டா அது ஒண்ணும் கஷ்டமில்ல. ஒரு வாரம் கழிச்சு யாருக்கும் மாடு ஞாபகமே இல்ல, மெத்தைய திரும்ப பரண்ல போட்டாச்சு.

சித்திரை மாசம் இதே கதை தண்ணில நடக்கும். அழகர் ஆத்துல எறங்குறப்ப தோல் பைல தண்ணி நெரப்பி பீச்சி அடிப்பாங்கள்ல, அந்த வேஷம் போட்டு தோள்ல தூக்கிட்டு போன புள்ளைங்க வந்து டம்ளர் தண்ணிய அடுத்தவன் மேல ஊத்தும், சோத்து தட்டுல துப்பும். ஊத்தாதன்னு சொல்றது வீண் வேலை, நாப்பது டிகிரி வெயில்ல எனக்கே யாராவது ஊத்துனா தேவலன்னு இருக்கும். காலியான ஷாம்பு பாட்டில நல்லா கழுவி ஆளுக்கு ஒண்ணு, கொல்லைல துளசிமாடத்துக்கும் செம்பருத்திக்கும் தான் பீச்சணும், ஸ்டூல்ல ஒரு பொம்மைய ஒக்கார வச்சிருப்போம் அவருக்கும் பீச்சலாம். பாட்டில அமுக்கி அமுக்கி வெரலுக்கு நல்ல பலம் ஏறும், பின்னாடி பென்சில் புடிக்கிறதுக்கு அது ஒதவும். ஆனா தொட்டி, வாளி, குண்டான் எதுலயும் தண்ணி நிக்கக் கூடாது, விளையாட்டு முடிஞ்ச ஒடனே கவுத்து வச்சிருவேன், இந்த வயசு புள்ள மூழ்கிப் போக ஒரு சாண் தண்ணி போதும், அதுல மட்டும் நான் யாருக்கும் சலுகை குடுக்க மாட்டேன்.

அப்பத்தாவோட பல்லாங்குழி பலகை ஒண்ணு இருக்கு, புள்ளைங்களுக்கு அது மேல உசுரு. குழில போட்டு எடுக்குறது இந்த வயசுக்கு எவ்ளோ நேரம் வேணாலும் அலுக்காது. பலகைய குடுத்துருவோம், உள்ள போடுற சோழி, புளியங்கொட்டை எதையும் குடுக்க மாட்டோம். தொண்டைல அடைக்கும், மூக்குல சொருகுனா ஈரத்துல ஊறி பெருத்துக்கும். சில வீட்ல குண்டுமணி போட்டு விளையாடுவாங்க, செவப்பும் கருப்புமா பாக்க லட்சணமா இருக்கும், அது விஷம், தோல் ஒடஞ்சோ மென்னோ உள்ள போச்சுன்னா உசுருக்கே ஆபத்து. வீட்ல இருந்தா இன்னைக்கே தூக்கி போட்டுருங்க. நாங்க குழிக்குள்ள போடுறது பெரிய ஜாடி மூடி, அதுவும் வாய்க்குள்ள முழுசா போகாத சைஸு. இன்னொண்ணு, திருவிழா கடைல விக்கிற லைட் எரியுற பொம்மை. அதுக்குள்ள சட்ட பட்டன் மாதிரி பேட்டரி இருக்கும், முழுங்கி தொண்டக்குழாய்ல சிக்குச்சுன்னா ரெண்டே மணி நேரத்துல உள்ள அரிச்சு புண்ணாக்கிரும். முழுங்குனா மாதிரி சந்தேகம் வந்தாலே வாழப்பழம் குடுத்து பாப்போம்னு ஒக்காராதீங்க, நேரா ஆஸ்பத்திரி. என் டேகேருக்கு அந்த பொம்மை உள்ள வராது, கேட்டுலயே வாங்கி அம்மாகிட்ட திருப்பி குடுத்துருவேன், அதுக்கு அழுதா அழட்டும்.

பேச்சுல ஒரே ஒரு மாத்தம் தான் நான் எல்லாருக்கும் சொல்றது. "ஓடாத"ன்னு சொன்னா அந்த வயசு காதுல "ஓடு" தான் முக்கால்வாசி விழும், அதுக்கு பதிலா என்ன பண்ணணுமோ அத சொல்லணும், "பைய நட". "கத்தாத"ன்னு கத்துறத விட நம்ம கொரல எறக்கிட்டு பேசுனா நாலு பேராவது என்னன்னு கிட்ட வருவாங்க. "ரெண்டு நிமிஷத்துல விளையாட்ட முடிக்கணும்"ங்கிறதும் அதுங்களுக்கு புரியாது, நிமிஷம்னா என்ன தெரியும். "இன்னும் ரெண்டு தடவ ஊத்திட்டு டம்ளர கவுத்துருவோம்"னா புரியும், கண்ணால பாக்குற கணக்கு.

பூச்சாண்டி விஷயத்துல எனக்கும் அப்பத்தாவுக்கும் இன்னும் ஒத்துப் போகல. பூச்சாண்டி வருவான், போலீஸ்காரர் புடிச்சிட்டு போவாரு, ஊசி போட சொல்லிருவேன், இதெல்லாம் அவங்க வளத்த முறை. பூச்சாண்டிய கூட நான் பொறுத்துக்குவேன், ஊசிய சொல்லி மெரட்டாதீங்கன்னு தான் சண்ட போடுவேன், ஏன்னா ஒன்னேகால் வயசு தாண்டி ரெண்டு வயசுக்குள்ள தட்டம்மை ரெண்டாவது டோஸும் முத்தடுப்பு பூஸ்டரும் போடணும், சோறு திங்காததுக்கு தண்டனைன்னு சொல்லி வச்ச ஊசிய அன்னைக்கு நல்லதுக்குன்னு சொன்னா அந்த புள்ள எத நம்பும்?

சோறுன்னதும் ஃபோன் வந்துரும். உலக சுகாதார அமைப்பு 2019ல சொன்னது, ரெண்டு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேணாம், அதுக்கு மேல நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம். எங்க வீட்ல டிவிய புள்ளைங்க இருக்குற நேரம் போடுறதே இல்ல, அப்பத்தா சீரியல மறு ஒளிபரப்புல பாத்துக்குறாங்க. ஃபோன் இல்லாம சாப்பிடாதுன்னு எழுதி குடுத்துட்டு போன புள்ளைங்க நாலு பேரோட வட்டமா ஒக்கார வச்சா மூணாவது நாலாவது நாளே சாப்பிடுது, பக்கத்துல இருக்கவன் திங்குறத பாத்தே திங்கும். சிந்தும், சிந்துறது பழகுறதுக்கு குடுக்குற கூலி, தரைய நான் தொடச்சுக்குறேன்.

கடைசியா எல்லா அம்மாவும் கேக்குற கேள்வி, உங்ககிட்ட சமத்தா இருக்கான், என்ன பாத்ததும் ஏன்க்கா இப்பிடி உருண்டு பொரளுறான். நாள் பூரா அடக்கி வச்சத கொட்டுறதுக்கு நம்பிக்கையான ஆள் வந்துருச்சுன்னு அர்த்தம்மா, ஒன்ன புடிக்கலன்னு இல்ல. ஆஃபீஸ்ல இருந்து வந்து கேட்டுலயே நின்னு "வா வா டைமாச்சு"ன்னு இழுக்காம, உள்ள வந்து தரைல அஞ்சு நிமிஷம் ஒக்காருங்க, ஃபோன பைல போடுங்க, அது பண்ணி வச்ச மாவு தோசைய திங்கிற மாதிரி நடிங்க. எந்திரிக்கும்போது கையில எதாவது வேலைய குடுங்க, பைய தூக்குறது, செருப்ப எடுத்துட்டு வர்றது. எங்க தெருவுல நல்லா வேல செய்யுறது ஸ்கூட்டி ஹாரன் தான், செருப்ப போட்டா ஹாரன் ரெண்டு தடவ அடிக்கலாம்னா உருண்டுட்டு இருக்குறவன் எந்திரிச்சு ஓடுவான். எதுத்த வீட்டு மாமாகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கேன், ஆறு மணி ஹாரனுக்கு அவரு ஒண்ணும் சொல்றதில்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு யாராவது சீக்கிரம் கூட்டிட்டு போக வந்து அடிச்சா தான் மாடில இருந்து கத்துவாரு.